குழந்தைகளின் பற்சொத்தையும் பதிவேட்டுத் தரவுகளின் நம்பகத்தன்மையும்: வட ஐரோப்பியப் பல்நலப் பதிவேடுகளை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

குழந்தைகளிடையே காணப்படும் பற்சொத்தையின் அளவை அறிய, கள ஆய்வுகளும் பல்நலப் பதிவேடுகளும் பயன்படுகின்றன. டென்மார்க், சுவீடன் முதலிய நாடுகளில் அன்றாடச் சிகிச்சையின்போது மருத்துவர்கள் குறிக்கும் விவரங்களே நாடு தழுவிய பதிவேடுகளாகத் திரள்கின்றன. இத்தரவுகள் எண்ணிக்கையில் மிகப் பெரியவை. எனினும் ஆய்வு நோக்கில் திரட்டப்பட்டவை அல்ல. பதிவேட்டில் உள்ள ஓர் எண் குழந்தையின் வாயிலிருந்து அட்டவணைக்கு வந்து சேரும் வழியில் எங்கெங்கே பிழை நுழையக்கூடும், அப்பிழைகளுள் எவை ஒன்றையொன்று ஈடுசெய்துகொள்கின்றன, எவை ஒரே திசையில் திரள்கின்றன என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. சொத்தை குறையக் குறையப் பதிவேட்டின் பிழை விகிதம் கூடுகிறது என்பதும், பரிசோதனைக்கு வராத குழந்தைகளால் நேரும் பிழையைத் தரவின் அளவு சரிசெய்வதில்லை என்பதும் இக்கட்டுரையின் மைய முடிவுகளாகும்.

திறவுச்சொற்கள்: பற்சொத்தை, பல்நலப் பதிவேடு, நம்பகத்தன்மை, ஏற்புடைமை, கப்பா கெழு, டி.எம்.எஃப்.டி. குறியீட்டெண்.

1. முன்னுரை

பற்சொத்தை குழந்தைகளிடம் பரவலாகக் காணப்படும் நாட்பட்ட நோய்களுள் ஒன்று. வலி, உறக்கமின்மை, உண்ண இயலாமை, பள்ளிக்கு வராமை ஆகியவை அதன் நேரடி விளைவுகள். நோய் எவ்வளவு பேரிடம் உள்ளது, எந்தப் பகுதியில் மிகுதி, ஆண்டுதோறும் கூடுகிறதா குறைகிறதா என்னும் வினாக்களுக்கு விடை தெரிந்தால்தான் அரசு பல்மருத்துவர் பணியிடங்களையும் தடுப்புத் திட்டங்களையும் முறையாகப் பகிர்ந்தளிக்க இயலும். சுவீடனின் சில பிராந்தியங்களில், குழந்தைகளுக்கான பல்நலச் சேவைக்குத் தலைக்கு இவ்வளவு என வழங்கப்படும் தொகை, அப்பகுதியின் சமூகப் பொருளாதார நிலைக்கேற்பக் கூட்டியோ குறைத்தோ கணக்கிடப்படுகிறது. இத்தகைய முடிவுகளுக்கு அடிப்படையாகும் எண்கள் பிழையானால் அதன் சுமை குழந்தைகளின் மீதே விழும்.

எனவே பதிவேட்டுத் தரவு எந்த அளவுக்கு நம்பத்தக்கது என்னும் வினா பொதுநலக் கொள்கையைச் சார்ந்த வினாவாகவும் அமைகிறது. இவ்வினாவை அணுகும்போது இரண்டு கலைச்சொற்களை வேறுபடுத்திக்கொள்ளுதல் வேண்டும். ஒரே பொருளை இருமுறை அளந்தால், அல்லது இருவர் தனித்தனியே அளந்தால், ஒரே விடை கிடைக்குமா என்பது நம்பகத்தன்மை. கிடைத்த விடை உண்மை நிலையைக் காட்டுகிறதா என்பது ஏற்புடைமை. இரண்டு மருத்துவர்கள் ஒரே தவற்றை ஒரே விதமாகச் செய்தால் நம்பகத்தன்மை உயர்வாகவும் ஏற்புடைமை தாழ்வாகவும் இருக்கும். பதிவேடுகள் குறித்த விவாதங்களில் இவ்விரண்டும் அடிக்கடி ஒன்றாகக் குழப்பப்படுகின்றன.

2. எண்ணப்படுவது எது?

பற்சொத்தையை எண்ணால் குறிக்கும் வழக்கத்துக்கு நெடிய வரலாறு உண்டு. அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தைச் சேர்ந்த ஹேகர்ஸ்டவுன் நகரப் பள்ளிக் குழந்தைகளை ஆராய்ந்த கிளைன், பாமர், நட்சன் ஆகியோர் 1938இல் வெளியிட்ட ஆய்வின் வழியாக டி.எம்.எஃப். குறியீட்டு முறை பரவலாயிற்று. சொத்தையான பற்கள், சொத்தையால் இழந்த பற்கள், சொத்தையின் பொருட்டு அடைக்கப்பட்ட பற்கள் ஆகிய மூன்றின் கூட்டுத்தொகையே இக்குறியீட்டெண். நிலைப்பற்களுக்கு ஆங்கிலப் பேரெழுத்துகளாலும் பால்பற்களுக்குச் சிற்றெழுத்துகளாலும் இதனைக் குறிப்பர். பற்களை எண்ணினால் டி.எம்.எஃப்.டி. என்றும், பற்பரப்புகளை எண்ணினால் டி.எம்.எஃப்.எஸ். என்றும் வழங்கும். உலக நலவாழ்வு அமைப்பு பல்நலக் கள ஆய்வுகளுக்கான அடிப்படை முறைகளை விளக்கும் கையேட்டை 1971 முதல் வெளியிட்டு வருகிறது. அதன் ஐந்தாம் பதிப்பு 2013இல் வெளிவந்தது.

இக்குறியீட்டெண் எளிமையானது; அவ்வெளிமைக்குள் பல தீர்ப்புகள் மறைந்துள்ளன. முதலாவது, சொத்தை எங்கே தொடங்குகிறது என்னும் தீர்ப்பு. எனாமலின் மேற்பரப்பில் தோன்றும் வெண்புள்ளி, எனாமலுக்குள் நிற்கும் சிதைவு, டென்டினைத் தொட்ட சிதைவு, கண்ணுக்குப் புலனாகும் குழி எனச் சொத்தை படிப்படியாக வளர்கிறது. டென்டினை எட்டியதையே சொத்தை எனக் கொள்ளும் ஆய்வும், தொடக்கநிலைப் புள்ளியையும் சேர்த்துக்கொள்ளும் ஆய்வும் ஒரே குழந்தைக்கு வெவ்வேறு எண்களைத் தரும். இரண்டும் தத்தம் வரையறைப்படி சரியானவையே. ஆயினும் ஒன்றின் அருகில் மற்றொன்றை வைத்து ஒப்பிடுதல் தகாது.

இரண்டாவது, அடைக்கப்பட்ட பல் குறித்த தீர்ப்பு. அடைப்பு என்பது நோயின் தடயம் மட்டுமன்று. மருத்துவர் ஒருவர் எடுத்த முடிவின் தடயமும் ஆகும். வட ஐரோப்பிய நாடுகளில் 1980களுக்குப் பின்னர், எனாமல் அளவில் நிற்கும் சிதைவைத் துளையிட்டு அடைப்பதைத் தவிர்த்து, ஃபுளூரைடு பூசிக் கண்காணிக்கும் அணுகுமுறை வலுப்பெற்றது. முன்பு அடைக்கப்பட்டிருக்கக்கூடிய பல் இன்று அடைக்கப்படாமல் விடப்படுகிறது. இதனால் நோயின் அளவு மாறாதிருந்தாலும் அடைக்கப்பட்ட பற்களின் எண்ணிக்கை குறையும். பதிவேட்டில் காணும் வீழ்ச்சியில் எவ்வளவு நோயின் வீழ்ச்சி, எவ்வளவு சிகிச்சை வழக்கத்தின் மாற்றம் என்பதை இக்குறியீட்டெண் தனித்துப் பிரித்துக் காட்டாது.

மூன்றாவது, இழந்த பல் குறித்த தீர்ப்பு. பன்னிரண்டு வயதுச் சிறுமிக்குப் பல்வரிசையைச் சீராக்குவதற்காக முன்கடைவாய்ப் பற்கள் அகற்றப்பட்டிருக்கலாம். பிறவியிலேயே ஒரு பல் முளைக்காமல் இருக்கலாம். விளையாட்டில் அடிபட்டு ஒரு பல் போயிருக்கலாம். இவை எவையும் சொத்தையால் நேர்ந்த இழப்புகள் அல்ல. இழப்பின் காரணத்தைக் குறிக்கும் இடம் பதிவில் இல்லாவிட்டால், அல்லது அவ்விடம் நிரப்பப்படாவிட்டால், இவை சொத்தைக் கணக்கில் சேர்ந்துவிடும். பால்பற்களில் இச்சிக்கல் மேலும் கூர்மையடைகிறது. ஏழு வயதில் ஒரு பால்பல் இல்லை என்றால் அது இயல்பாக விழுந்ததா, சொத்தையால் பிடுங்கப்பட்டதா என்பதை வாயைப் பார்த்து மட்டும் சொல்ல இயலாது.

3. பதிவேடுகள் உருவாகும் விதம்

டென்மார்க்கில் குழந்தைகளுக்கான பல்நலச் சேவைச் சட்டம் நடைமுறைக்கு வந்த 1972ஆம் ஆண்டிலேயே, நாட்டின் நலவாழ்வுத் துறையின் கீழ் மையப் பல்நலப் பதிவேடு தொடங்கப்பட்டது. நகராட்சிகள் நடத்தும் கட்டணமில்லாப் பல்நலச் சேவையில் 5, 7, 12, 15 ஆகிய வயதுகளில் குழந்தைகளின் பற்பரப்புகளின் நிலை பதிவு செய்யப்பட்டு மையத்துக்கு அனுப்பப்பட்டு வந்தது. 1968 முதல் அந்நாட்டில் நடைமுறையில் உள்ள தனிநபர் பதிவெண் இதற்குத் துணைசெய்கிறது. அவ்வெண் வாயிலாக ஒரு குழந்தையின் பல்நிலையைப் பெற்றோரின் கல்வி, வருவாய், குடியிருப்பு முதலிய விவரங்களோடு இணைத்து ஆராய இயலும். இவ்வாறு பல பத்தாண்டுகளுக்குத் தொடரும் தரவு உலகில் அரிது.

சுவீடனில் சொத்தை, பல்சூழ் நோய் ஆகியவற்றுக்கான தேசியத் தரப்பதிவேடு ஸ்காப்பா என்னும் சுருக்கப் பெயரால் அறியப்படுகிறது. இந்நூற்றாண்டின் முதற் பத்தாண்டின் இறுதிப் பகுதியில் உருவான இப்பதிவேட்டுக்கென மருத்துவர்கள் தனிப் படிவம் எதையும் நிரப்புவதில்லை. மின்னணு நோயாளர் பதிவிலிருந்து தேவையான விவரங்கள் தானாகவே மையத்துக்குச் செல்கின்றன. பொதுப் பல்நலச் சேவை அமைப்புகளே இதன் முதன்மை ஊற்று. தனியார் மருத்துவர்களுள் ஒரு பகுதியினரும் பங்கேற்கின்றனர். நார்வேயில் 5, 12, 18 வயதினரின் பல்நிலை குறித்த எண்கள் பொதுப் பல்நலச் சேவையிடமிருந்து தொகுப்பாகத் திரட்டப்படுகின்றன. தொகுப்பு எண்களைக் கொண்டு பகுதிகளை ஒப்பிடலாம். ஒரே குழந்தையை 5 வயதிலிருந்து 12 வயது வரை பின்தொடர இயலாது.

இவற்றுக்கு மாறாக, இங்கிலாந்து நெடுங்காலமாகப் பள்ளிகளில் நடத்தப்படும் மாதிரிக் கள ஆய்வுகளையே சார்ந்துள்ளது. பரிசோதகர்கள் முன்னரே பயிற்சி பெற்று, ஒருவரோடொருவர் ஒத்துப்போகும் வகையில் தங்கள் தீர்ப்பைச் சீர்செய்துகொள்கின்றனர். ஊடுகதிர்ப் படம் எடுக்கப்படுவதில்லை. கண்ணால் பார்த்து, டென்டினை எட்டிய சொத்தையை மட்டுமே குறிக்கின்றனர். பதிவேட்டின் வலிமை பரப்பு. கள ஆய்வின் வலிமை சீர்மை. ஒன்றின் குறையை மற்றொன்றின் நிறையால் மதிப்பிடலாம் என்பதால் இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்பது பயனுடையது.

4. வாயிலிருந்து பதிவுக்கு: பரிசோதகர் பிழை

பதிவேட்டுக்குத் தரவு தரும் மருத்துவர்கள் பல நூற்றுவர் அல்லது பல ஆயிரவர். அவர்கள் அனைவருக்கும் ஆய்வு நோக்கிலான சீர்மைப் பயிற்சி அளிக்கப்படுவதில்லை. ஒருவர் ஐயத்துக்கிடமான கரும்பள்ளத்தைச் சொத்தை என்பார்; மற்றொருவர் வெறும் கறை என்பார். இவ்வேறுபாட்டை அளக்கக் கோகன் 1960இல் முன்வைத்த கப்பா கெழு பரவலாகப் பயன்படுகிறது. தற்செயலாக நேரக்கூடிய உடன்பாட்டைக் கழித்து எஞ்சிய உடன்பாட்டையே இக்கெழு கணக்கில் கொள்கிறது.

இதன் தேவையை ஒரு கற்பனைக் கணக்கால் விளக்கலாம். இரண்டு மருத்துவர்கள் 1000 பற்பரப்புகளைத் தனித்தனியே பார்க்கின்றனர் எனக் கொள்வோம். 950 பரப்புகளை இருவரும் நலமானவை என்கின்றனர். 10 பரப்புகளை இருவரும் சொத்தை என்கின்றனர். முதலாமவர் மட்டும் 20 பரப்புகளையும், இரண்டாமவர் மட்டும் வேறு 20 பரப்புகளையும் சொத்தை என்கின்றனர். மொத்த உடன்பாடு 96 விழுக்காடு. கேட்பதற்கு நிறைவளிக்கும் எண் இது. ஆயினும் பெரும்பாலான பரப்புகள் நலமானவை என்பதால் தற்செயலாகவே 94.18 விழுக்காடு உடன்பாடு கிடைத்துவிடும். கப்பா கெழு ஏறத்தாழ 0.31 மட்டுமே. லாண்டிசும் காக்கும் 1977இல் தந்த வகைப்பாட்டின்படி இது மிதமான உடன்பாட்டைக்கூட எட்டாத நிலை. ஒருவர் சொத்தை என்று குறித்த 30 பரப்புகளுள் 10ஐ மட்டுமே மற்றவர் ஏற்கிறார்.

இக்கணக்கிலேயே மற்றோர் உண்மையும் அடங்கியுள்ளது. முதலாமவரின் மொத்த எண்ணிக்கை 30. இரண்டாமவரின் மொத்த எண்ணிக்கையும் 30. எந்தப் பரப்பு சொத்தை என்பதில் இருவரும் பெரிதும் மாறுபட்டாலும், சராசரியில் அணுவளவும் வேறுபாடு இல்லை. ஒழுங்கற்ற பிழைகள் பெருந்தொகுதியில் ஒன்றையொன்று ஈடுசெய்துகொள்கின்றன. ஆகவே, நாட்டளவிலான சராசரிக்கு நம்பத்தக்கதாக அமையும் அதே பதிவேடு, தனியொரு குழந்தையின் தனியொரு பல்லைப் பின்தொடரும் ஆய்வுக்கு நம்பத்தகாததாக அமையலாம். பதிவேடு நம்பகமானதா என்று பொதுவாகக் கேட்பது முழுமையற்ற வினா; எந்தப் பயன்பாட்டுக்கு நம்பகமானது என்று கேட்பதே முறை.

ஒழுங்கான பிழை இவ்வாறு தானாகச் சரியாவதில்லை. ஒரு நகராட்சியில் நெடுங்காலம் பணியாற்றும் ஓரிரு மருத்துவர்கள் எப்போதும் சற்று மிகுதியாகவே சொத்தையைக் குறிப்பவர்களாயின், அந்நகராட்சியின் எண் ஆண்டுதோறும் உயர்ந்தே நிற்கும். சிறிய நிருவாகப் பகுதிகளை வரிசைப்படுத்தும் அட்டவணைகளில் இவ்விடர் மிகுதி. டென்மார்க்கில் 2007ஆம் ஆண்டுச் சீரமைப்பில் 271 நகராட்சிகள் 98ஆக இணைக்கப்பட்டன. அவ்வாண்டைக் கடந்து செல்லும் நகராட்சி அளவிலான காலவரிசை எதையும் ஆராய்வோர், எல்லை மாற்றத்தையும், மருத்துவர் குழுக்களின் மாற்றத்தையும் முதலில் கணக்கில் எடுத்தல் வேண்டும்.

5. நோய் குறையும்போது பிழை பெருகுதல்

சொத்தையைக் கண்டறியும் திறனுக்கு இரண்டு அளவுகள் உண்டு. நோயுள்ளதை நோயுள்ளதென அறியும் விகிதம் உணர்திறன். நோயற்றதை நோயற்றதென அறியும் விகிதம் தனிக்குறிப்புத்திறன். எடுத்துக்காட்டாக, உணர்திறன் 80 விழுக்காடு, தனிக்குறிப்புத்திறன் 95 விழுக்காடு எனக் கொள்வோம். உண்மையில் 30 விழுக்காட்டுக் குழந்தைகளுக்குச் சொத்தை இருக்குமானால், பதிவில் 24 விழுக்காடு உண்மையான நோயாளிகளும் 3.5 விழுக்காடு பொய்யாகச் சேர்க்கப்பட்டவர்களும் இடம்பெறுவர். மொத்தம் 27.5 விழுக்காடு, உண்மைக்கு ஓரளவு நெருக்கமானதே.

இப்போது நோய் 5 விழுக்காடாகக் குறைந்துவிட்டது எனக் கொள்வோம். பதிவில் 4 விழுக்காடு உண்மையான நோயாளிகளும், நலமான 95 விழுக்காட்டினருள் இருந்து 4.75 விழுக்காடு பொய்யாகச் சேர்க்கப்பட்டவர்களும் இடம்பெறுவர். மொத்தம் 8.75 விழுக்காடு. நோயாளிகள் எனப் பதிவானோருள் பாதிக்கு மேற்பட்டோர் நலமானவர்கள். உண்மையில் நோய் ஆறில் ஒரு பங்காகக் குறைந்துள்ளது. பதிவேடு காட்டுவதோ மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாக இறங்கிய வீழ்ச்சியை. மருத்துவர்களின் திறன் துளியும் மாறவில்லை. நோயின் அளவு மாறியதே காரணம்.

குழந்தைகளின் பல்நலத்தில் பெரும் முன்னேற்றம் கண்ட வட ஐரோப்பிய நாடுகளுக்கு இது நேரடியாகப் பொருந்தும். சொத்தை அரிதாகும் சூழலில், முன்பு போதுமானதாக இருந்த துல்லியம் போதாமற் போகிறது. பொய்யாகச் சேர்க்கப்படும் பற்களுக்கு ஊற்றாக அமைபவை சில உள. கடைவாய்ப் பற்களின் பள்ளங்களை மூடும் சீலன்ட் என்னும் காப்புப் பூச்சு பதிவில் அடைப்பாகக் குறிக்கப்படக்கூடும். எனாமல் முறையாகக் கனிமமடையாத முதல் நிலைக் கடைவாய்ப் பற்கள் உடைந்து அடைக்கப்படும்போது அவையும் சொத்தைக் கணக்கில் சேரக்கூடும். கடைவாய்ப்பல்லையும் வெட்டுப்பல்லையும் ஒருசேரப் பாதிக்கும் இக்கனிமக் குறைபாட்டுக்குத் தனிப் பெயரே 2001இல்தான் வழக்குக்கு வந்தது. அதற்கு முந்தைய பதிவுகளில் இவ்வேறுபாட்டைத் தேடுவதில் பொருளில்லை.

6. ஊடுகதிர்ப் படம் தரும் வேறுபாடு

பற்கள் ஒன்றையொன்று தொடும் பக்கப்பரப்புகளில் தோன்றும் சொத்தை கண்ணுக்கு எளிதில் தெரியாது. பைட்விங் எனப்படும் ஊடுகதிர்ப் படம் அதனைக் காட்டும். சிகிச்சை அறையில் உருவாகும் பதிவேட்டுத் தரவில் இப்படங்களின் வழி அறியப்பட்ட சொத்தையும் சேர்கிறது. பள்ளி வகுப்பறையில் நடக்கும் கள ஆய்வில் சேர்வதில்லை. ஒரே நாட்டில் இவ்விரு முறைகளும் வெவ்வேறு எண்களைத் தந்தால் வியப்பில்லை.

படம் எல்லாக் குழந்தைகளுக்கும் ஒரே வயதில் எடுக்கப்பட்டால் இவ்வேறுபாட்டைத் திருத்திக் கணக்கிடுவது எளிது. கதிர்வீச்சைத் தவிர்க்கும் பொருட்டு, சொத்தை ஏற்படும் வாய்ப்பு மிகுந்தவர் எனக் கருதப்படும் குழந்தைகளுக்கே விரைவாகவும் அடிக்கடியும் படம் எடுக்கப்படுகிறது. இது மருத்துவ நெறிப்படி சரியானது. தரவு நோக்கில், தேடிய இடத்தில் மிகுதியாகக் கிடைப்பதும், தேடாத இடம் நலமானதாகப் பதிவாவதும் இதன் விளைவு. இரண்டு குழுக்களுக்கிடையே உண்மையில் உள்ள இடைவெளி பதிவேட்டில் சற்று விரிந்தே தோன்றும்.

பரிசோதனை இடைவெளியும் இதனோடு சேர்ந்தது. நலமான பற்களை உடைய குழந்தை ஒன்றரை ஆண்டுக்கு அல்லது இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை அழைக்கப்படலாம். அக்குழந்தையின் 12 வயதுக்குரிய பதிவு, உண்மையில் 11 வயதில் கண்ட நிலையாக இருக்கக்கூடும். பெருந்தொற்றுக் காலத்தில் பரிசோதனைகள் தள்ளிப்போனதால் 2020, 2021 ஆண்டுகளின் தரவைப் படிக்கும்போது இவ்வெச்சரிக்கை கூடுதலாகத் தேவை.

7. வராத குழந்தைகள்

மேலே கண்ட பிழைகள் அனைத்தும் பரிசோதிக்கப்பட்ட குழந்தைகளைப் பற்றியவை. பரிசோதிக்கப்படாத குழந்தைகளைப் பற்றிய பிழை இவற்றினும் கடுமையானது. ஒரு பகுதியில் 1000 குழந்தைகள் உள்ளனர். 800 பேர் பரிசோதனைக்கு வருகின்றனர். அவர்களுள் 20 விழுக்காட்டினர்க்குச் சொத்தை உள்ளது எனக் கொள்வோம். வராத 200 பேருள் பாதிப் பேருக்குச் சொத்தை இருக்குமானால் உண்மை விகிதம் 26 விழுக்காடு. பதிவேடு 20 விழுக்காடு என்றே சொல்லும். ஆயிரத்துக்குப் பதிலாகப் பத்து இலட்சம் குழந்தைகளின் தரவு இருந்தாலும் இவ்விடைவெளி குறையாது. புள்ளியியல் பிழை வரம்பு மட்டும் சுருங்கி, தவறான எண்ணுக்கு மிகத் துல்லியமான தோற்றத்தைத் தரும்.

இங்கிலாந்தின் பட்டறிவு இதற்குத் தக்க சான்று. அங்கு முன்பெல்லாம் பெற்றோர் மறுப்புத் தெரிவிக்காவிட்டால் குழந்தை பள்ளிப் பரிசோதனையில் சேர்த்துக்கொள்ளப்பட்டது. 2006இல் வெளியான அரசு வழிகாட்டுதலுக்குப் பின், பெற்றோர் எழுத்தில் இசைவளித்தால் மட்டுமே பரிசோதனை என்னும் முறை வந்தது. 2007–08ஆம் ஆண்டில் 5 வயதுக் குழந்தைகளிடம் நடந்த ஆய்வே இப்புதிய முறையில் நடந்த முதல் தேசிய ஆய்வு. அதில் சொத்தைக்கு ஆளானோர் 30.9 விழுக்காடு எனக் கணக்கிடப்பட்டது. வேல்ஸ் நாடும் இசைவு முறையை மாற்றிக்கொண்டது. ஸ்காட்லாந்து பழைய முறையையே தொடர்ந்தது. இசைவுப் படிவத்தைத் திருப்பி அனுப்பாத குடும்பங்களின் குழந்தைகளிடம் சொத்தை மிகுதியாக இருக்க வாய்ப்புள்ளது என்பதால், 2007–08க்கு முந்தைய எண்களோடு பிந்தைய எண்களை நேரடியாக ஒப்பிடுதல் கூடாது என்பது ஆய்வாளர்களிடையே ஏற்கப்பட்ட நெறியாயிற்று. ஒரே முறை தொடர்ந்த 2007–08 முதல் 2018–19 வரையிலான காலத்தில் 30.9 விழுக்காடு 23.4 விழுக்காடாகக் குறைந்ததை ஒப்பிடுவதில் இத்தடை இல்லை.

பரிசோதனைக்கு அழைக்கும் பொறுப்பைப் பொதுச் சேவையே ஏற்பதாலும் கட்டணமின்மையாலும், டென்மார்க்கிலும் சுவீடனிலும் வராதோர் எண்ணிக்கை குறைவு. எனினும் குறைவு என்பது இன்மை ஆகாது. அடிக்கடி இடம்பெயரும் குடும்பங்கள், அண்மையில் குடியேறியோர், அழைப்பைத் தவறவிடும் பெற்றோர் ஆகியோரின் குழந்தைகளே விடுபடுவோருள் மிகுதியாக இருப்பர் என எதிர்பார்க்கலாம். சொத்தையின் சுமையும் இத்தகைய குடும்பங்களில்தான் திரள்கிறது. நாட்டின் சராசரி தாழ்ந்துகொண்டே செல்லும்போது, எஞ்சிய நோய் சிறுபான்மைக் குழந்தைகளிடம் குவிகிறது. இக்குவிப்பைக் காண்பதற்காகவே, மிகுதியான சொத்தை உடைய மூன்றில் ஒரு பங்கினரின் சராசரியைத் தனியே கணக்கிடும் முறையை பிராட்தால் 2000இல் முன்மொழிந்தார். அந்த மூன்றில் ஒரு பங்கினரே பதிவேட்டிலிருந்து விடுபடும் வாய்ப்பும் மிகுதி என்பதால் அவ்வளவையும் எச்சரிக்கையோடு கையாள வேண்டும்.

சிகிச்சை எண்ணிக்கையைக் கொண்டு நோயை அளப்பதும் இத்தகைய இடருடையதே. இங்கிலாந்தில் மருத்துவமனையில் பல் பிடுங்குவதற்காகச் சேர்க்கப்படும் குழந்தைகளின் எண்ணிக்கை அடிக்கடி மேற்கோள் காட்டப்படுகிறது. சமூகப் பல்நலச் சேவையினர் மருத்துவமனைகளில் செய்யும் சிகிச்சைகளுள் ஒரு பகுதி இக்கணக்கில் சேர்வதில்லை. அறுவை அரங்குக்கான காத்திருப்பு நீளும்போது எண்ணிக்கை குறையும், நோய் குறைந்திருக்காது.

8. பதிவேட்டைச் சரிபார்க்கும் வழிகள்

பதிவேட்டின் தரத்தைச் சோதிப்பதில் இரண்டு படிகள் உள்ளன. முதற்படியில், பதிவேட்டில் உள்ள எண் நோயாளர் பதிவில் உள்ளதோடு ஒத்துப்போகிறதா எனப் பார்க்கப்படுகிறது. தானியங்கி முறையில் தரவு செல்லும் இடங்களில் எழுத்துப் பிழை குறையும். ஆனால் வேறு வகைப் பிழைகள் தோன்றும். வெவ்வேறு மென்பொருள்கள் ஒரே நிலையை வெவ்வேறு குறியீட்டால் குறிக்கலாம். சென்ற முறைப் பதிவு மாற்றமின்றி இம்முறைக்கும் நகலாகலாம். எதுவும் குறிக்கப்படாத பரப்பு நலமானதாகக் கொள்ளப்படலாம். குறிக்கப்படாமையையும் நலத்தையும் ஒன்றாகக் கொள்வது நோயைக் குறைத்துக் காட்டும் ஒழுங்கான பிழை.

இரண்டாம் படியில், சீர்மைப் பயிற்சி பெற்ற பரிசோதகர் அதே குழந்தையைத் தனியே பரிசோதித்து, தம் முடிவைப் பதிவேட்டோடு ஒப்பிடுகிறார். இரண்டு பரிசோதனைகளுக்கும் இடைப்பட்ட காலம் நீண்டால் நோயே மாறியிருக்கும். ஆதலால் இடைவெளி குறுகியதாக இருத்தல் வேண்டும். இப்படியில் செலவும் உழைப்பும் மிகுதி என்பதால் பல சமயம் முதற்படியோடு ஆய்வு நின்றுவிடுகிறது. முதற்படியில் முழு உடன்பாடு கிடைத்தாலும் அது எண் சரியாக இடம்மாறியது என்பதற்கே சான்று. எண் சரியானது என்பதற்குச் சான்றாகாது. சரிபார்ப்பு ஆய்வு ஒன்றைப் படிப்போர், அது எந்தப் படியைச் சோதித்தது என்பதை முதலில் நோக்குதல் நலம்.

உடன்பாட்டை எந்த அலகில் அளந்தனர் என்பதும் கருதத்தக்கது. குழந்தை அளவில், சொத்தை உண்டா இல்லையா என்னும் வினாவுக்கு உடன்பாடு உயர்வாக இருக்கும். பல் அளவில் சற்றுக் குறையும். பரப்பு அளவில் மேலும் குறையும். அடைக்கப்பட்ட பல்லில் உடன்பாடு மிகும். தொடக்கநிலைச் சொத்தையில் குறையும். இவற்றையெல்லாம் ஒரே எண்ணாகச் சுருக்கித் தரும் ஆய்வு தகவலை மறைக்கிறது.

9. இந்தியச் சூழலுக்கு ஒரு குறிப்பு

இந்தியாவில் 2013இல் தொடங்கப்பட்ட தேசியக் குழந்தைகள் நலத் திட்டம், பிறப்பு முதல் 18 வயது வரையுள்ளோரிடம் கண்டறிய வேண்டிய நிலைகளின் பட்டியலில் பல்நோயையும் சேர்த்துள்ளது. அங்கன்வாடிகளுக்கும் அரசுப் பள்ளிகளுக்கும் செல்லும் நடமாடும் குழுக்கள் பரிசோதனை நடத்துகின்றன. இதன் நோக்கம் சிகிச்சைக்கு வழிகாட்டுவதே. இத்தகைய தரவிலிருந்து நோயின் அளவைக் கணக்கிட முற்படுவோர், பரிசோதித்தவர் யார், எந்த நிலையைச் சொத்தை எனக் கொண்டார், அன்று பள்ளிக்கு வராதோர் எத்தனை பேர், தனியார் பள்ளிக் குழந்தைகள் கணக்கில் உள்ளனரா என்னும் வினாக்களை எழுப்புதல் இன்றியமையாதது. அரை நூற்றாண்டுப் பதிவேட்டு மரபுள்ள நாடுகளிலேயே இவ்வினாக்கள் தேவைப்படும்போது, தரவுக் கட்டமைப்பு உருவாகிவரும் சூழலில் அவற்றின் தேவை கூடுதலே.

10. முடிவுரை

இதுகாறும் கண்டவற்றைப் பின்வருமாறு தொகுக்கலாம்.

அ. பதிவேட்டுத் தரவின் நம்பகத்தன்மை பயன்பாட்டைப் பொறுத்து மாறுபடும். நாட்டளவிலான சராசரிக்குத் தகுந்த தரவு, தனியொரு பல்லைப் பின்தொடரும் ஆய்வுக்குத் தகாததாக இருக்கலாம்.

ஆ. ஒழுங்கற்ற பிழைகள் பெருந்தொகுதியில் ஈடாகின்றன. வரையறை மாற்றம், சிகிச்சை வழக்க மாற்றம், குறிக்கப்படாததை நலமாகக் கொள்ளுதல் ஆகிய ஒழுங்கான பிழைகள் ஈடாவதில்லை.

இ. நோய் அரிதாகும்போது பொய்யாகச் சேர்க்கப்படுவோரின் பங்கு பெருகுகிறது. ஆகவே ஒரு காலத்தில் செய்த சரிபார்ப்பு எக்காலத்துக்கும் போதுமானதன்று.

ஈ. மொத்த உடன்பாட்டு விழுக்காட்டை மட்டும் தருவது போதாது. கப்பா கெழுவையும், அலகு வாரியான உடன்பாட்டையும் சேர்த்துத் தருதல் வேண்டும்.

உ. எந்தப் பதிவேட்டு அட்டவணையோடும், பரிசோதிக்கப்படாத குழந்தைகளின் எண்ணிக்கையும் அவர்களைப் பற்றி அறியப்பட்ட சமூக விவரங்களும் இணைக்கப்படுதல் வேண்டும்.

இவற்றுள் இறுதியாகச் சொல்லப்பட்டதே நடைமுறையில் முதன்மையானது எனலாம். தவறாகக் குறிக்கப்பட்ட பல்லை மறு பரிசோதனையில் திருத்திக்கொள்ள வாய்ப்புண்டு. பதிவேட்டில் இடம்பெறாத குழந்தையின் பொருட்டு மறு பரிசோதனை நடப்பதில்லை. சராசரி தாழ்ந்துவிட்டது என்னும் காரணத்தால் ஒரு பகுதியின் பல்நலச் சேவை சுருக்கப்படுமானால், அச்சராசரியில் எண்ணப்படாத குழந்தையே முதலில் அச்சேவையை இழக்கிறது. அட்டவணையின் அடியில் பரிசோதிக்கப்படாதோர் என ஒரு வரி சேர்ப்பது பெருஞ்செலவு பிடிக்கும் பணியன்று. அவ்வரி இடம்பெறாத அட்டவணையைக் கொண்டு சேவையைச் சுருக்கும் முடிவு எதையும் எடுத்தலாகாது என்பதே இவ்வாய்வின் பரிந்துரை.